ஸ்டாலின் வளர்த்த ஆளே ஸ்டாலினை ஏன் தூக்கி எறிந்தார்? குருஷ்சேவ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1953 மார்ச் 5 அன்று சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலின் இறந்தபோது இறுதிச் சடங்குக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் நிகிதா குருஷ்சேவ். மூன்றே வருடம் கழித்து, கட்சித் தலைவராக மாநாட்டு மேடையில் ஏறி, அதே ஸ்டாலின் செய்த அக்கிரமங்களை ஏறக்குறைய நான்கு மணி நேரம் பட்டியல் போட்டவரும் அவர்தான். 'திடீரென்று நல்லவராகிவிட்டாரா?' என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். இல்லை. ஆனால் 'எல்லாம் நாடகம்' என்று சொல்லிவிட்டுப் போவதும் சரியாக வராது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், அது என்ன உரை? எங்கே பேசினார்?

சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 20-வது மாநாடு, மாஸ்கோ, 1956 பிப்ரவரி 14 முதல் 25 வரை. ஸ்டாலின் இல்லாமல் நடந்த முதல் மாநாடு. கடைசி நாள் காலையில் வெளிநாட்டு விருந்தினர்களை விட்டுவிட்டு, 1,400-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகளை மட்டும் உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். 'தனிநபர் வழிபாடும் அதன் விளைவுகளும்' என்று தலைப்பு. ஏதோ தத்துவ வகுப்பு மாதிரி இருக்கிறது, இல்லையா? உள்ளே இருந்ததோ அடித்து வாங்கிய வாக்குமூலம், சுட்டுக்கொன்ற கணக்கு, செத்தவர்கள் சிறையிலிருந்து எழுதிய கடிதம். பேசி முடித்ததும் விவாதம் எதுவும் கிடையாது.

அவரும் ஸ்டாலினுடைய ஆள்தானே? அவர் கையில் ரத்தம் இல்லையா?

நிறையவே இருந்தது, இதில் வழவழவென்று பேச வேண்டியதில்லை. 1894-ல் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, டான்பாஸ் சுரங்கப் பகுதியில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். மாஸ்கோவில் தொழில்துறைக் கல்விக்கழகத்தில் படிக்கப் போன இடத்தில் ஸ்டாலினின் மனைவி நதேழ்தா உடன் படித்தார், அந்த அறிமுகம்தான் இவரை மேலே தூக்கிவிட்டது. பிற்காலத்தில் அவரே அதை லாட்டரி விழுந்த மாதிரி என்று சொல்லியிருக்கிறார்.

1937-ல் அவர் மாஸ்கோ கட்சித் தலைவர். எந்த ஊரில் எத்தனை பேரைச் சுட வேண்டும், எத்தனை பேரைக் கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று மேலிடம் ஒதுக்கீடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ரேஷன் கடைக்கு அரிசி ஒதுக்குவதுபோலக் கொலைக்கு ஒதுக்கீடு. அந்த ஜூலையில் மாஸ்கோ வட்டாரத்தில் 41,305 'விரோதிகள்' இருப்பதாகவும் அவர்களில் 8,500 பேர் முதல் வகை என்றும் குருஷ்சேவ் ஸ்டாலினுக்கு அறிக்கை அனுப்பினார். முதல் வகை என்றால் சுட்டுக்கொல்ல வேண்டியவர்கள். அடுத்த ஜனவரியில் உக்ரைனுக்குத் தலைவராகப் போனார், அங்கேயும் கைதுகள் நிற்கவில்லை. ஆகவே மேடையில் நின்று பேசியவர் சாட்சி மட்டும் இல்லை, குற்றவாளிக் கூண்டில் அவருக்கும் ஓர் இடம் இருந்தது.

அப்படியென்றால் ஏன் பேசினார்? மனசாட்சியா, பதவி ஆசையா?

பயம் என்று நான் சொல்வேன். அவருடைய பயம் மட்டுமில்லை, மேலே இருந்த எல்லோருடைய பயமும்.

ஸ்டாலினுக்குக் கீழே இருந்தவர்களின் வீட்டு நிலவரத்தைப் பாருங்கள். வெளியுறவு அமைச்சர் மோலொடோவின் மனைவி 1949-ல் கைது. கணவர் மறுநாளும் அலுவலகம் போய், கைது செய்தவருடனேயே உட்கார்ந்து கூட்டம் நடத்த வேண்டும். தலைமைக் குழுவில் இருந்த ககனோவிச்சின் அண்ணன் 1941-ல் தற்கொலை செய்துகொண்டார், கைது எந்த நேரமும் வரலாம் என்ற நிலை. நாட்டின் பெயரளவுத் தலைவராக இருந்த கலீனினின் மனைவியே முகாமில் இருந்தார். 1952 அக்டோபரில் மத்தியக் குழுக் கூட்டத்தில் ஸ்டாலின் எழுந்து மோலொடோவையும் இன்னொரு மூத்த தலைவரான மிகோயனையும் பெயர் சொல்லித் தாக்கினார். அடுத்து யார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அப்புறம் 1953 ஜனவரியில் 'மருத்துவர்கள் சதி' என்று ஒரு வழக்கு: கிரெம்ளின் மருத்துவர்கள் தலைவர்களைக் கொல்லப் பார்த்தார்களாம், அவர்களில் பலர் யூதர்கள். ஸ்டாலினின் சொந்த மருத்துவர் வினோகிராதோவே உள்ளே. கடைசியில் ஸ்டாலின் மார்ச் 1 அன்று பக்கவாதம் வந்து தரையில் விழுந்து கிடந்தபோது, கூப்பிடாமல் அறைக்குள் நுழையக் காவலர்களுக்குத் தைரியம் வரவில்லை, மருத்துவர் வந்து சேரவே மறுநாள் காலையாகிவிட்டது. அவர் வளர்த்த பயம் அவருக்கே வைத்தியம் கிடைக்காமல் செய்தது என்று சொன்னால் மிகையில்லை.

இப்படி இருபது வருடம் வாழ்ந்தவர்களுக்கு ஒரே ஒரு ஆசை இருந்திருக்கும்: கட்டிலில் படுத்துச் சாக வேண்டும், சுவரோரம் நின்று சாகக் கூடாது. அதற்கு ஒரு புது விதி தேவை. 'இனிமேல் தோற்றவனைச் சுட மாட்டோம்' என்ற விதி. அந்த விதியை எழுத வேண்டுமென்றால் பழைய விதியை எழுதியவர் தப்பு செய்தார் என்று யாராவது சத்தமாகச் சொல்லியாக வேண்டும். குருஷ்சேவ் சொன்னார்.

பதவிப் போட்டி இல்லை என்கிறீர்களா?

இருந்தது, ஏன் இல்லை? மோலொடோவ், ககனோவிச், மாலென்கோவ் மூவரும் ஸ்டாலினுக்கு இவரைவிட நெருக்கமாக, இவரைவிட அதிக காலம் உச்சியில் இருந்தவர்கள். ஸ்டாலினின் கணக்கைப் பொதுவில் விரித்தால் அதில் அவர்கள் கையெழுத்துதான் முதலில் தெரியும். 1956 பிப்ரவரித் தொடக்கத்தில் தலைமைக் குழு இதை விவாதித்தபோது மோலொடோவ், ககனோவிச், வோரோஷிலோவ் மூவரும் எதிர்த்தார்கள். மிகோயன் மட்டும் வேறு மாதிரி கணக்குப் போட்டார்: ஸ்டாலினுக்குப் பிந்தைய முதல் மாநாட்டிலேயே நாமாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நடந்த எல்லாவற்றுக்கும் நாமும் பொறுப்பு என்றாகிவிடும்.

அவர் சொன்னது நியாயம்தான். முதலில் வாயைத் திறப்பவனுக்கு ஒரு வசதி உண்டு, கதையை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, யாரை வில்லனாக்குவது என்பதெல்லாம் அவன் கையில்.

ஸ்டாலின் இறந்த உடனேயே ஏன் பேசவில்லை? மூன்று வருடம் என்ன செய்தார்கள்?

பேசாமலேயே பாதி வேலையை முடித்தார்கள். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. முதலில் கதவைத் திறந்தவர் குருஷ்சேவ் இல்லை, ரகசியப் போலீஸ் தலைவர் பெரியா. அப்போது முகாம்களிலும் சிறைக் குடியிருப்புகளிலும் 25 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள், அவர்களில் அரசுக்கு உண்மையிலேயே ஆபத்தானவர்கள் சுமார் 2.2 லட்சம் பேர்தான் என்று பெரியாவே எழுதிக் கொடுத்தார். மார்ச் 27 அன்று பொதுமன்னிப்பு, சுமார் 12 லட்சம் பேர் வெளியே வந்தார்கள் (பெரும்பாலும் சின்னக் குற்றவாளிகள், அரசியல் கைதிகளில் வெகு சிலரே). ஏப்ரல் 4 அன்று மருத்துவர்கள் வழக்கு ஜோடிக்கப்பட்டது என்று பத்திரிகையிலேயே அறிவிப்பு. கொலைக்காரக் கும்பலின் தலைவனே சீர்திருத்தம் தொடங்கியது ஏன்? அவனுக்குத்தான் உண்மையான கணக்கு தெரியும். முகாம்கள் நாட்டுக்குப் பெரிய நஷ்டம் என்பதும் அவனுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்கு அவரைக் கண்டு நடுக்கம். ஜூன் 26 அன்று போர்த் தளபதி ஜுகோவ் தலைமையில் ராணுவ அதிகாரிகள் உள்ளே நுழைந்து கைது செய்தார்கள். டிசம்பர் 23 அன்று சுட்டார்கள், பழைய பாணியிலேயே, வெளிநாட்டு உளவாளி என்று முத்திரை குத்தி. அதோடு நிற்கவில்லை. சோவியத் கலைக்களஞ்சியம் வாங்கியிருந்தவர்களுக்குத் தபாலில் சில பக்கங்கள் வந்தன: பெரியா பற்றிய கட்டுரையை வெட்டி எடுத்துவிட்டு, பெரிங் கடல் பற்றிய நீண்ட கட்டுரையை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி. எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும். ஒரு மனிதனை ஒரு கடலை வைத்து மூடியிருக்கிறார்கள்.

பெரியாதான் உச்சத் தலைமையில் இருந்தவர்களில் கடைசியாகச் சுடப்பட்டவர்.

முகாமிலிருந்து திரும்பியவர்களுக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு, நிறைய. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். முதலில் முகாம்களிலேயே கலகம் வெடித்தது: 1953-ல் நோரில்ஸ்க், வோர்குதா, 1954-ல் கஸாக்ஸ்தானின் கெங்கிர். கெங்கிரில் கைதிகள் 40 நாள் முகாமைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள், டாங்கி கொண்டுபோய்த்தான் அடக்க முடிந்தது. பயம் காட்டி ஓட்டிய இயந்திரம் இனிமேல் ஓடாது என்று மேலே உள்ளவர்களுக்கு அது சொல்லிவிட்டது.

இன்னொன்று, திரும்பி வந்தவர்கள். ஸ்னேகோவ், ஷதுனோவ்ஸ்காயா என்று இரண்டு பழைய கட்சிக்காரர்கள், பதினெட்டு வருடம் போலச் சிறையிலும் முகாமிலும் நாடுகடத்தலிலும் கழித்துவிட்டு மாஸ்கோ திரும்பி, குருஷ்சேவ், மிகோயன் இருவரிடமும் நேராகப் போய்ப் பேசினார்கள். பழைய பழக்கம் இருந்ததால் அவர்களை உள்ளே விட்டார்கள். இவர்களைப் போல ஆயிரக்கணக்கானோர் வந்துகொண்டிருந்தார்கள். மாஸ்கோவில் ஒரே அடுக்களையை நாலைந்து குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட காலம், புகார் எழுதிப் போட்டவரும் அந்தப் புகாரால் பத்து வருடம் மரம் வெட்டியவரும் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்ச வேண்டிய நிலை. இதை எத்தனை நாள் மூடிவைக்க முடியும்? இவர்கள் எப்படியும் ஊர் திரும்பி எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறார்கள் என்று குருஷ்சேவே பின்னாளில் தன் நினைவுகளில் காரணம் சொன்னார்.

ஆதாரம் எங்கிருந்து வந்தது?

1955 டிசம்பர் 31 அன்று ஒரு குழு போட்டார்கள். தலைவர் பொஸ்பெலோவ், கட்சி நாளிதழ் பிராவ்தாவின் முன்னாள் ஆசிரியர், ஸ்டாலினைப் புகழ்ந்து எழுதியே மேலே வந்தவர். அப்பேர்ப்பட்ட ஆள் ரகசியப் போலீஸின் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தார்: 1935 முதல் 1940 வரை சோவியத் விரோதிகள் என்று கைதானவர்கள் 19 லட்சத்துக்கும் மேல், அவர்களில் சுடப்பட்டவர்கள் 6,88,503. இதில் ஏறக்குறைய எல்லாமே 1937, 1938 என்ற இரண்டே வருடங்களில்.

உரையில் அப்படி என்னதான் சொன்னார்?

சபையைக் கலக்கியது 1934-ன் 17-வது மாநாட்டுக் கணக்கு. 'வெற்றியாளர்களின் மாநாடு' என்று கொண்டாடப்பட்ட கூட்டம் அது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியக் குழு உறுப்பினர்களும் மாற்று உறுப்பினர்களும் சேர்ந்து 139 பேர், அவர்களில் 98 பேர் கைதாகிச் சுடப்பட்டார்கள். வந்திருந்த 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் கைது. கேட்டுக்கொண்டிருந்தவர்களும் மாநாட்டுப் பிரதிநிதிகள்தான் என்பதை மறக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பாதிக்கு மேல் கைதாகிவிட்டார்கள் என்று சொல்கிறார், அவ்வளவுதான்.

எய்ஹே என்ற பழைய கட்சிக்காரர் சிறையிலிருந்து ஸ்டாலினுக்கு எழுதிய கடிதத்தை வாசித்தார். முன்பே உடைந்து சரியாக ஆறாத விலா எலும்பைத் தெரிந்துவைத்துக்கொண்டு அங்கேயே அடித்தார்கள், வலி தாங்காமல்தான் கையெழுத்துப் போட்டேன் என்று அதில் இருந்தது. ஸ்டாலின் முரடர், அவரைப் பொதுச் செயலாளர் பதவியிலிருந்து நீக்குங்கள் என்று லெனின் சாவதற்கு முன் எழுதிவைத்ததையும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். செச்சேனியர், இங்குஷியர், கால்மிக்கியர், கராச்சாயர், பால்கர் என்று இனம் இனமாக நாடுகடத்தியதைச் சொன்னார். உக்ரைனியர்கள் தப்பியதற்குக் காரணம் அவர்கள் எண்ணிக்கை அதிகம், அனுப்ப இடமில்லை என்றும் சொன்னார். இந்த இடத்தில் சபையில் சிரிப்பு என்று குறிப்பே இருக்கிறது. எதற்குச் சிரித்தார்களோ.

கொஞ்சம் அளந்தும் விட்டார். ஸ்டாலின் போர்த் திட்டங்களை உலக உருண்டையை வைத்துப் போட்டார் என்றார். அவருடன் வேலை செய்த தளபதிகளே அதைப் பிற்பாடு மறுத்தார்கள்.

எதைச் சொல்லவில்லை?

என்னைக் கேட்டால் உரையின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. கணக்கை 1934-லிருந்துதான் தொடங்கினார். அதற்கு முன்னால் 1932–33-ல் உக்ரைனிலும் கஸாக்ஸ்தானிலும் பல லட்சக்கணக்கான விவசாயிகள் பட்டினியில் செத்தார்களே? ஒரு வார்த்தை இல்லை. நிலத்தைப் பிடுங்கிக் கூட்டுப் பண்ணை அமைத்தது சரியான கொள்கை என்றே வைத்துக்கொண்டார். புகாரின் போன்ற எதிரணித் தலைவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை, புகாரினைக் குற்றமற்றவர் என்று அறிவிக்க 1988 வரை ஆயிற்று. காத்தின் காட்டில் சுடப்பட்ட போலந்து அதிகாரிகள் பற்றிப் பேச்சில்லை. நாடுகடத்தப்பட்ட கிரிமியத் தாத்தார்களும் வோல்கா ஜெர்மானியர்களும் பட்டியலில் இல்லை.

கோட்டை எங்கே கிழித்தார் என்று புரிகிறதா? கட்சிக்காரனைக் கட்சிக்காரன் கொன்றது குற்றம். கட்சி சேர்ந்து குடியானவனைக் கொன்றது வரலாறு. முதலாவதற்கு ஸ்டாலினும் பெரியாவும் மட்டும் பொறுப்பு, அந்த இரண்டு பேரும் செத்தாயிற்று. இரண்டாவதைத் தொட்டால் கட்சியின் ஆட்சியே எதன் மேல் நிற்கிறது என்ற கேள்வி வரும், மேடையில் இருந்த ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

'அப்போது நீ எங்கே இருந்தாய்?' என்று யாரோ துண்டுச்சீட்டு அனுப்பினார்களாமே?

அந்தக் கதையா! சீட்டை வாசித்துவிட்டு 'இதை எழுதியது யார், எழுந்து நில்' என்று குருஷ்சேவ் கேட்டாராம், ஒருவரும் எழவில்லையாம், 'நானும் அப்போது அங்கேதான் இருந்தேன்' என்றாராம். ரஷ்யர்கள் சொல்லிச் சிரிக்கும் துணுக்கு, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வாதத்தில் பாதிதான் உண்மை. எழாமல் உட்கார்ந்திருந்தவன் வேறு, 8,500 என்று எண் எழுதி அனுப்பியவன் வேறு.

ரகசிய உரை எப்படி வெளியே வந்தது?

முழு ரகசியமாக இருக்கட்டும் என்று அவர்களே நினைக்கவில்லை. நாடு முழுக்கக் கட்சிக் கூட்டங்களில் லட்சக்கணக்கானவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள், குறிப்பெடுக்கக் கூடாது, விவாதிக்கக் கூடாது என்று சொல்லி. போலந்தில் இன்னும் தாராளம், படிகள் கை மாறின. வார்சாவில் ஒரு பத்திரிகையாளர், கட்சி அலுவலகத்தில் செயலாளராக இருந்த தோழியின் மேசையில் ஒரு படியைப் பார்த்துக் கொஞ்ச நேரத்துக்கு இரவல் வாங்கி, இஸ்ரேல் தூதரகத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அமெரிக்கா போய், ஜூன் தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸில் வந்துவிட்டது. சோவியத் நாட்டில் அச்சானது 1989-ல்தான். உலகமே படித்து 33 வருடம் ஆன பிறகு.

மக்கள் சந்தோஷப்பட்டார்களா?

எல்லோரும் இல்லை. ஸ்டாலினின் சொந்த மண்ணான ஜார்ஜியாவில் தலைகீழ். தபிலிசியில் மாணவர்கள் மார்ச் 5-ஐ ஒட்டித் தெருவுக்கு வந்தார்கள், ஸ்டாலினை அவமதிக்காதே என்று. மார்ச் 9 அன்று ராணுவம் சுட்டதில் பல பத்துப் பேர் செத்தார்கள். கொலைகாரனைக் கண்டித்த ஆட்சி, அந்தக் கொலைகாரனுக்கு அழுதவர்களைச் சுட்டது.

அக்டோபரில் ஹங்கேரியில் கிளர்ச்சி. புடாபெஸ்டில் ஸ்டாலினின் பிரமாண்டமான வெண்கலச் சிலையை அறுத்துத் தள்ளினார்கள், பீடத்தில் மிஞ்சியது இரண்டு பூட்ஸ் மட்டும். நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் வந்தன. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் பலி, இரண்டு லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். ஸ்டாலினை விமர்சிக்கலாம், எதுவரை என்பதை நாங்கள்தான் சொல்வோம் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நம் பக்கம் இதற்கு என்ன எதிரொலி?

உரைக்கு மூன்று மாதம் முன்புதான் குருஷ்சேவும் பிரதமர் புல்கானினும் இந்தியா வந்து போயிருந்தார்கள், போன இடமெல்லாம் கூட்டம். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1956 ஏப்ரலில் பாலக்காட்டில் மாநாடு கூடியபோது தோழர்கள் இந்தச் செய்தியோடுதான் உள்ளே போனார்கள். 1964-ல் கட்சி இரண்டானதற்கு உள்நாட்டுக் காரணங்களும் சீனப் போரும் உண்டு, ஆனால் மாஸ்கோ சொல்வது சரியா பீஜிங் சொல்வது சரியா என்ற சண்டைக்கு விதை இந்த உரைதான். மார்க்சிஸ்ட் கட்சி மாநாடுகளில் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனினோடு ஸ்டாலின் படமும் இன்றுவரை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்புறம், 1953 மார்ச் 1 அன்று பிறந்த தன் மகனுக்குக் கருணாநிதி அந்தப் பெயரை வைத்தது ஊரறிந்த கதை. அப்போது ஸ்டாலின் என்றால் இங்கே ஹிட்லரைத் தோற்கடித்தவர், உழைப்பாளி வர்க்கத்தின் தலைவர். மூன்று வருடம் கழித்துப் பிறந்திருந்தால் என்ன பெயரோ, யார் கண்டது.

சீனாவில் மாவோவுக்கு ஏன் இப்படி நடக்கவில்லை?

மாவோவுக்குப் பின் சீனாவை நடத்திய டெங் சியாவ்பிங் 1956-ல் அந்த மாநாட்டுக்காக மாஸ்கோவில் இருந்தவர். பின்விளைவு முழுவதையும் பார்த்தவர். 1980-ல் ஓர் இத்தாலியப் பத்திரிகையாளரிடம் தெளிவாகச் சொன்னார்: ஸ்டாலினுக்குக் குருஷ்சேவ் செய்ததை நாங்கள் மாவோவுக்குச் செய்ய மாட்டோம். 1981-ல் கட்சித் தீர்மானம், மாவோவின் சாதனை முதலாவது, தவறு இரண்டாவது. டெங்கே மாவோவால் இரண்டு முறை தூக்கி எறியப்பட்டவர், அவர் மகன் மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்களிடம் மாட்டி இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சொந்தக் கோபம் குருஷ்சேவைவிட அவருக்குத்தான் அதிகம் இருந்திருக்க வேண்டும்.

வித்தியாசம் என்னவென்றால், குருஷ்சேவுக்கு ஸ்டாலினைக் கழற்றிவிட்டாலும் பிடித்துக்கொள்ள லெனின் இருந்தார். 'லெனின் பாதைக்குத் திரும்புவோம்' என்று சொல்லிக்கொள்ளலாம். சீனக் கட்சிக்கு லெனினும் ஸ்டாலினும் ஒரே ஆள், மாவோ. அவர் படத்தை இறக்கினால் சுவரில் மாட்ட வேறு படம் கிடையாது.

அந்தப் புது விதி, 'தோற்றவனைச் சுட மாட்டோம்', உண்மையிலேயே நின்றதா?

நின்றது. 1957 ஜூனில் தலைமைக் குழுவில் 7-க்கு 4 என்ற கணக்கில் குருஷ்சேவை இறக்கப் பார்த்தார்கள், மோலொடோவும் மாலென்கோவும் ககனோவிச்சும் சேர்ந்து. அவர் விடவில்லை, மத்தியக் குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், உறுப்பினர்களை ராணுவ விமானத்தில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். கூட்டத்தில் ஜுகோவ் எழுந்து, 1937 பிப்ரவரி முதல் 1938 நவம்பர் வரை ஸ்டாலினும் மோலொடோவும் ககனோவிச்சும் கையெழுத்திட்டுச் சாகடித்தவர்கள் 38,679 பேர் என்று வாசித்தார். அதோடு முடிந்தது அவர்கள் கதை. (குருஷ்சேவின் கையெழுத்துகளை அவர் வாசிக்கவில்லை. நாலு மாதம் கழித்து ஜுகோவுக்கே பதவி போனது, அது வேறு கதை.)

என்ன தண்டனை கிடைத்தது? மோலொடோவ் மங்கோலியாவுக்குத் தூதர். மாலென்கோவ் கஸாக்ஸ்தானில் ஒரு மின் நிலையத்துக்கு நிர்வாகி. ககனோவிச் யூரல் பக்கம் ஒரு பொட்டாஷ் ஆலைக்கு. தலை போகும் என்று பயந்தவர்களுக்கு ஆலை நிர்வாகம்! மோலொடோவ் 96 வயது வரை இருந்து 1986-ல் செத்தார். மாலென்கோவ் 1988-ல். ககனோவிச் 97 வயதில் 1991 ஜூலையில், சோவியத் நாடே சாவதற்கு ஐந்து மாதம் முன்பு.

பிறகு சாதாரண மக்களுக்கும் அந்த விதி பொருந்தியதா?

ஓரளவுக்குத்தான். முகாம்கள் காலியாயின, பல லட்சம் பேர் மீது இருந்த பொய்க் குற்றம் நீங்கியது. இது சின்ன விஷயம் இல்லை, குருஷ்சேவைத் திட்டுகிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 1962 ஜூனில் நோவோசெர்காஸ்க் நகரில் இறைச்சி, வெண்ணெய் விலை ஏறியதற்குத் தொழிலாளர்கள் ஊர்வலம் போனபோது சுட்டதில் 26 பேர் செத்தார்கள், அப்புறம் ஏழு பேருக்கு மரண தண்டனை. செத்தவர்களை இரகசியமாக வெவ்வேறு இடுகாடுகளில் புதைத்தார்கள்.

லெனினுக்குப் பக்கத்திலிருந்து ஸ்டாலினை எப்போது எடுத்தார்கள்?

1961 அக்டோபரில், 22-வது மாநாட்டில். லசுர்கினா என்ற பழைய போல்ஷிவிக் கிழவி, அவரே பல வருடம் முகாமில் இருந்தவர், மேடையேறி நேற்று லெனினிடம் ஆலோசனை கேட்டேன், ஸ்டாலின் பக்கத்தில் படுத்திருக்கப் பிடிக்கவில்லை என்கிறார் என்று சொன்னார். நாத்திகக் கட்சியின் மாநாட்டில் சாமியாடிக் குறி சொன்ன மாதிரி. கைதட்டி நிறைவேற்றினார்கள். அக்டோபர் 31 இரவு உடலை எடுத்துக் கிரெம்ளின் சுவரோரம் புதைத்தார்கள். அடுத்த மாதம் ஸ்டாலின்கிராடு வோல்கோகிராடு ஆனது.

கடைசியில் குருஷ்சேவுக்கு என்ன ஆயிற்று?

1964 அக்டோபரில் பிட்சுண்டாவில் கடற்கரை ஓய்விலிருந்தவரை மாஸ்கோவுக்கு வரவழைத்து, அவர் வளர்த்துவிட்ட பிரெஷ்னேவ் கூட்டமே பதவியை விட்டு இறக்கியது. அன்று இரவு, ஸ்டாலினிடம் போய் 'நீ வேண்டாம், ஓய்வெடு' என்று சொல்ல யாருக்காவது கனவிலாவது தோன்றியிருக்குமா, பயம் போய்விட்டது, அதுதான் நான் செய்த வேலை என்று மிகோயனிடம் சொன்னதாகச் சொல்வார்கள். ஓய்வூதியமும், ஊருக்கு வெளியே ஒரு வீடும், வாசலில் காவலும் கொடுத்தார்கள். தோட்டம் போட்டார், பழைய நினைவுகளை ஒலிநாடாவில் பேசிப் பதிந்தார். 1971 செப்டம்பர் 11 அன்று செத்தார்.

இப்போது ரஷ்யாவில் ஸ்டாலின் திரும்பி வருகிறார் என்கிறார்களே?

வருகிறார். 1970-லேயே அவர் சமாதிக்கு மார்பளவுச் சிலை வைத்துவிட்டார்கள். கொல்லப்பட்டவர்களின் பெயர்களைச் சேகரித்துவந்த மெமோரியல் அமைப்பை 2021 டிசம்பரில் நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. 2025-ல் மாஸ்கோவின் தகான்ஸ்காயா மெட்ரோ நிலையத்தில், முன்பு எடுத்துவிட்ட ஸ்டாலின் புடைப்புச் சிற்பத்தைப் புதிதாகச் செய்து வைத்தார்கள், வோல்கோகிராடு விமான நிலையத்துக்கு ஸ்டாலின்கிராடு என்று பெயர் மாற்றினார்கள். ஒவ்வொரு மார்ச் 5 அன்றும் கிரெம்ளின் சுவரோரம் சிவப்புக் கார்னேஷன் பூக்கள் குவிகின்றன. குருஷ்சேவ் அந்தச் சுவரோரம் இல்லை. அவர் நோவோதேவிச்சி இடுகாட்டில் இருக்கிறார், பாதி வெள்ளை பாதி கறுப்புக் கல்லுக்கு நடுவே அவர் தலை. செய்தவர் எர்ன்ஸ்ட் நெயிஸ்வெஸ்ட்னி, 1962-ல் ஓர் ஓவியக் கண்காட்சியில் குருஷ்சேவிடம் நேரில் திட்டு வாங்கிய அதே சிற்பி.